வாளிய எறக்கி வையி

எங்கள் மாமாவுக்கு யாரையும் நம்பத் தெரியாது. குறை சொல்வதற்காக இதை முதலில் வைக்கவில்லை. அவரைப் பற்றிப் பேச வேறு எங்கிருந்து தொடங்கினாலும் சுற்றிக்கொண்டு இங்கேதான் வந்து நிற்க வேண்டியிருக்கும், அதனால்தான்.

மாமா என்றால் என் வீட்டுக்காரர் அந்தோனியின் அப்பா. அரநாயக்கப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லி நான் கேட்டதில்லை. முகத்துக்கு நேரே 'ஐயா', முதுகுக்குப் பின்னால் 'மீட்டர்'. இரண்டாவது பெயர் அவருக்கும் தெரியும். யார் வைத்தது என்று விசாரித்துக்கொண்டே இருந்தார், கடைசி வரை.

அந்தப் பெயருக்குக் காரணம் இருந்தது. விடியக் காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனவர்கள் வெயில் ஏறும் நேரம் வாளியோடு ஸ்டோருக்கு வருவார்கள். ரப்பர் பாலில் கொஞ்சம் தண்ணீரை ஊற்றினால் வாளி கனக்கும். அது எல்லாத் தோட்டத்திலும் உள்ள தில்லுமுல்லு. அதைப் பிடிப்பதற்கென்று நீளமாக ஒரு மிதவை உண்டு. ரப்பர் பால் தண்ணீரைவிட லேசு, அதனால் கெட்டிப் பாலில் விட்டால் அமிழ்ந்து நிற்கும், தண்ணீர் கலந்த பாலில் மேலே எழும்பிவிடும். அதைத்தான் எல்லோரும் மீட்டர் என்பார்கள். மாமா அதைத் துணிப்பையில் சுற்றி வைத்திருப்பார். வரிசையில் ஆள் வந்ததும் முகத்தைப் பார்க்க மாட்டார், வாளியைத்தான் பார்ப்பார்.

"வாளிய எறக்கி வையி."

அவ்வளவுதான். வணக்கம் கிடையாது, எப்படி இருக்கிறாய் கிடையாது. ஓய்வு பெற்ற பிறகும் அந்த வார்த்தை அவரை விடவில்லை. மீன்காரர் சைக்கிளை நிறுத்தினால் "எறக்கி வையி". பேரப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் முதலாம் பிள்ளையாக வந்தேன் என்று ஓடி வந்தால், "பைய எறக்கி வையி, ரிப்போட்ட பாப்போம்". கோயில் திருநாளுக்கு வந்த பங்குச் சாமியார் தன் ஊர் மாவனல்லைக்கு அந்தப் பக்கம் என்று சொன்னதற்கு, எந்தப் பக்கம், எந்தப் பாலத்துக்கு அங்கால், பக்கத்து வீட்டில் யார் என்று ஒரு மணி நேரம் குறுக்கு விசாரணை நடந்தது. சாமியார் பாவம், வேர்த்துப் போனார்.

நான் கல்யாணமாகி வந்த முதல் நாளை மறக்கவே மாட்டேன். வந்தவர்களுக்குப் பால் தேத்தண்ணி ஊற்ற அடுப்படியில் நிற்கிறேன், புதுச் சேலை, புது முகம். மாமா உள்ளே வந்தார். பால் சட்டியைப் பார்த்தார். துணிப்பையை அவிழ்த்தார். எடுத்துத் துடைத்து, சட்டிக்குள் விட்டாரே பார்க்கலாம்! மிதவை விர்ரென்று மேலே எழும்பி நின்றது.

"தண்ணி," என்றார்.

மாட்டுப் பாலுக்கும் அந்தக் கருவிக்கும் என்ன சம்பந்தம்? அது ரப்பர் பாலுக்குக் கோடு போட்ட கருவி. அதில் பார்த்தால் உலகத்தில் உள்ள மாட்டுப் பால் எல்லாமே தண்ணீர்தான். அது அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். இருந்தாலும் பார்த்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். வந்த அன்றைக்கே வாய் திறக்கக் கூடாது என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தபடியால் திறக்கவில்லை. அந்தக் கடனை எல்லாம் பிற்பாடு வட்டியோடு திறந்து தீர்த்துக்கொண்டேன், அது வேறு கதை.

ஆனால் மாமாவிடம் இன்னொன்றும் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். பால் வெட்டுகிறவர்கள் யாராவது, "இல்லீங்க ஐயா, சுத்தப் பாலுங்க, சாமி சத்தியமா" என்று அழுதால் அவர் சத்தம் போட மாட்டார். அந்த வாளியில் அளந்து கொஞ்சம் எடுத்து ஒரு பீங்கான் கோப்பையில் ஊற்றுவார். பால் உறைவதற்கு அசிட் விடுவார். கோப்பையை ஸ்டோர் அலமாரிக்குள் வைத்துப் பூட்டுவார். பூட்டிவிட்டு சாவியைத் தன் மடியில் வைக்க மாட்டார். யார் மேல் குற்றம் சொன்னாரோ அவர் கையில் கொடுத்துவிடுவார். "நான் உள்ளுக்க எதையாவது ஊத்திட்டேன்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லப்படாது." பால் உறைந்து காய்ந்த பிறகு நிறுத்துப் பார்ப்பார்கள், தண்ணீர் கலந்திருந்தால் எடை குறையும். குற்றம் பொய் என்று தெரிந்தால், ஸ்டோர் வாசலில் நின்று தொழிலாளர் குடியிருக்கிற லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவார்.

"பால் சுத்தம்!"

மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டார். அந்த ஒரு வார்த்தைதான். ஆனாலும் அதைக் கேட்ட பெண்கள் அன்று முழுக்கத் தலையை நிமிர்த்திக்கொண்டு நடப்பார்களாம். எனக்கு இதைச் சொன்னது மேரியக்கா. எங்கள் வீட்டுக்குக் கீழே உள்ள லயத்தில் இருப்பவர், முன்பு பால் வெட்டினார், இப்போது தோட்டத்து டிஸ்பென்சரியில் கூட்டிப் பெருக்குகிறார்.

மாமி இறந்து சில வருடம் கழித்து மாமாவுக்குக் கை நடுங்கத் தொடங்கியது. இரண்டு கையும். சும்மா இருக்கும்போதுதான் அதிகம், விரல்கள் பீடி சுற்றுகிற மாதிரி தாமாகவே ஆடும். பிறகு நடை குறுகியது. வாசற்படி தாண்ட நின்று யோசிப்பார், கால் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி. முகத்தில் அசைவே இல்லாமல் போனது. கோபமா, சிரிப்பா, பசியா ஒன்றும் தெரியாது. ஏற்கெனவே சந்தேகப் பேர்வழி, அதிலும் முகம் சுவர் மாதிரி ஆகிவிட்டால் வீட்டில் இருக்கிறவர்கள் கதி என்ன? அவர் என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எனக்கு அடுப்பில் கை ஓடாது.

பெரியாஸ்பத்திரியில் நரம்புக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். அந்தோனி கொழும்பில் ஹார்ட்வெயார் கடையில் வேலை, மாதக் கடைசியில்தான் வருவார். ஆகவே எல்லா அலைச்சலும் என் தலையில். டொக்டர் அம்மாவை எல்லோரும் நோனா என்பார்கள், சின்ன வயது, பொறுமைசாலி. கையைப் பிடித்து மடக்கிப் பார்த்தார், நடக்கச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார். பிறகு சிங்களத்தில் கேட்டார், வேறு ஏதாவது மருந்து எடுக்கிறாரா என்று.

"நே நோனா," என்றார் மாமா.

நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். இல்லை என்றுதான் நானும் நினைத்தேன்.

மஞ்சள் நிறத்தில் குளிசை தந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் மாமா அதை எறக்கி வைத்தார். நகத்தால் இரண்டாக உடைத்து முகர்ந்தார். பாதியைத் தண்ணீர்க் கிளாசில் போட்டுக் கரைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "மாவு," என்றார். எடுத்துக்கொண்டேன் என்று சொல்வார், வாயில் போடுவதையும் பார்ப்பேன். பிறகு ஒரு நாள் வாசல் குரோட்டன் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது மண்ணுக்குள் மஞ்சள் மஞ்சளாய்க் கிடக்கிறது! கிளினிக்கிலோ, குணம் காணவில்லை என்று அளவைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். நித்திரை வரவில்லை என்று சொன்னதற்கு ஒரு சின்ன வெள்ளைக் குளிசையும் கொடுத்தார்கள். அதை அவர் கையால்கூடத் தொடவில்லை.

"என்னய தூங்க வெச்சிட்டு நீங்க என்னா செய்யப் போறீங்க?" என்று கேட்டார்.

"வீட்ட தூக்கிட்டு ஓடப் போறோம் மாமா," என்றேன். வாய் சும்மா இருக்குமா?

அவர் சிரிக்கவில்லை. அதற்கு அடுத்த மாதம் ஆஸ்பத்திரியில் மஞ்சளுக்குப் பதிலாக வெள்ளை தந்தார்கள். மருந்து அதேதான், கம்பனிதான் வேறு, தட்டுப்பாடு என்று மருந்து தருகிற பிள்ளை சொன்னது. மாமா அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில்தான் நின்றார். ஆனால் வீட்டுக்கு வந்து, நான் வழியில் மாற்றிவிட்டேன் என்றார்.

அன்றிலிருந்துதான் அந்தப் பழக்கம் தொடங்கியது. காலையில் பிளேன்டீ கொண்டுபோய் நீட்டினால் வாங்க மாட்டார்.

"மொதல்ல நீ குடி."

நான் ஒரு வாய் குடித்துக் காட்ட வேண்டும். அதைப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் எனக்கு ஏதாவது ஆகிறதா என்று பார்த்துவிட்டு, வாங்குவார். வாசலில் வைத்து, போகிற வருகிற சனம் பார்க்க. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு மடக்கு குடிப்பேன், எச்சில் கிளாசை நீட்டுவேன். மானம் போன பிழைப்பு. என் அம்மா வீட்டுக்குப் போய்விடலாமா என்று யோசிக்காத நாள் இல்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், எங்கே போவது?

இதற்கிடையில் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலம் வந்தது. பஸ் ஓடவில்லை. கடை கண்ணி என்றால் மாவனல்லைதான், அங்கே யாரும் போக முடியவில்லை. கிளினிக்கும் போகவில்லை, இருந்த சாமானை வைத்து, பலாக்காயும் ஈரப்பலாவும் அவித்துத் தின்று காலம் போனது. அந்தக் காலத்தில் மாமாவின் கை நடுக்கம் குறைந்தது. சத்தியமாகக் குறைந்தது. முதலில் நான் கவனிக்கவில்லை, மேரியக்காதான் சொன்னார், "ஐயா கிளாச ஒத்தக் கையில புடிச்சிருக்காரு பாத்தியா?" என்று. வாசற்படியில் நிற்காமல் இறங்கினார். ஒரு நாள் மீன்காரரின் பேச்சுக்கு உதடு கொஞ்சம் வளைந்தது. மாதாவுக்கு நவநாள் சொன்ன பலன் என்று நான் நினைத்தேன்.

பஸ் ஓடத் தொடங்கியது. மாமா முதல் பஸ்ஸிலேயே மாவனல்லைக்குப் போய் வந்தார். கொஞ்ச காலத்தில் பழையபடி நடுக்கம், பழையபடி சுவர் முகம்.

மாமா கணக்குப் பார்க்கத் தெரியாதவரா? மாதக் கடைசியில் அந்தோனி வந்த அன்று, என் காதில் விழும்படியே மகனிடம் சொன்னார்.

"கவனிச்சியாடா? பஸ் ஓடாதப்ப எனக்கு சொகம். ஏன்? கடைக்கு போக முடியல, அவளுக்கு கலக்குறதுக்கு சாமான் இல்ல. பஸ் ஓடிச்சு, திரும்ப வந்திருச்சு. நான் சும்மா பேசல. பாத்துத்தான் பேசுறேன்."

அடுப்படியிலிருந்து சண்டைக்குக் கிளம்பியவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். ஏனென்றால் அவர் சொன்னதில் பாதி உண்மை. நானும் பார்த்தேனே!

அந்தோனி "சரிப்பா, சரிப்பா" என்றார். என்னிடம் வந்து, "வயசான மனுசன், நீ மனசுல வெக்காத" என்றார். நானும் வைக்கவில்லை. அடுத்த நாள் அவர் கொழும்புக்குப் போய்விட்டார். அன்று பின்னேரம் மேரியக்கா வந்து தயங்கித் தயங்கி நின்றார்.

"என்னாக்கா?"

"சொன்னா கோவிக்காத புள்ள. ஒன் வீட்டுக்காரரு காலையில டிஸ்பென்சரிக்கு வந்தாரு. பையில டீத்தூளு, சீனி, அப்பாவோட குளிசை எல்லாம் கொண்டாந்து டாக்டரையாகிட்ட காட்டி, இதுல ஏதும் கலந்திருக்கான்னு பாக்க முடியுமான்னு கேட்டாரு. டாக்டரையா அதெல்லாம் இங்க பாக்க முடியாதுன்னு அனுப்பிட்டாரு."

நான் அடுப்படிக்குப் போய் டீத்தூள் டின்னைப் பார்த்தேன். மூடி கோணலாக மூடியிருந்தது. நான் அப்படி மூட மாட்டேன்.

மாமா சந்தேகப்பட்டது எனக்கு வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் மாதாவின் சுருபச் சிலையைக்கூடத் திருப்பி அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கிற மனுசன். இது வேறு. என்னோடு ஒரே பாயில் படுத்து எழும்பிய மனுசன், நான் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, அதே தூளைப் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். அன்று அழுதேன். நல்லா அழுதேன். பிறகு எனக்கு ஒரு வெறி வந்தது. கொலைகாரி என்கிறீர்களா? சரி, நானும் வாளியை இறக்கி வைத்துப் பார்க்கிறேன் என்று உட்கார்ந்தேன்.

மாமா சொன்னதையே எடுத்துக்கொண்டேன். பஸ் ஓடாதபோது வீட்டுக்கு எது வரவில்லை? சீனி, கருவாடு, பருப்பு, டீத்தூள். ஆனால் அதையெல்லாம் பிள்ளைகளும் தின்கிறார்கள், நானும் தின்கிறேன், எங்கள் யாருக்கும் கை நடுங்கவில்லை. அப்படியென்றால் கடையிலிருந்து வருவதில் மாமா மட்டும் தின்பது எது?

ஒரு நாள் காலையில் செபம் சொல்லிவிட்டு மாமா சுவர்ப் பக்கம் திரும்பியபோதுதான் எனக்குத் தலையில் அடித்த மாதிரி இருந்தது. நான் அதை வருடக்கணக்காய்ப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். கழுத்தில் மாதாவின் சுருபப் பதக்கத்தோடு கோத்திருக்கிற சாவியை எடுப்பார், சின்னத் தகரப்பெட்டியைத் திறப்பார், ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு பூட்டுவார். பஸ் குளிசை.

எங்கள் பக்கத்து மலைப் பாதையில் பஸ்ஸில் போனவர்களுக்கு அது தெரியும். வளைவுக்கு வளைவு தலை சுற்றி வாந்தி வரும். ஆகவே எல்லாப் பொம்பிளைகளின் கைப்பையிலும் ஒரு அட்டை கிடக்கும். இஞ்சி டொபி மாதிரிதான் அதை நினைப்போம், யாரும் மருந்து என்று எண்ணுவதில்லை. மாமாவுக்கு வேலை செய்த காலத்திலேயே மேட்டில் ஏறும்போது தலைச்சுற்று இருந்ததாம். பஸ்ஸில் யாரோ கொடுத்த குளிசை கேட்டிருக்கிறது. அன்று பிடித்ததுதான். பஸ் ஏறுகிறாரோ இல்லையோ, காலையில் ஒன்று, பொழுது சாயும்போது ஒன்று. தானே போய், தானே வாங்கி, தானே பூட்டி வைப்பார். வீட்டில் வேறு யாருடைய கையும் படாத ஒரே பொருள் அது. அதனால் அதன் மேல் மட்டும் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

மாவனல்லைக்குப் போனேன். மாமா வாங்குகிற பார்மசியில் முஸ்லிம் நானாவைக் கேட்டேன். நல்ல மனுசன், பதறிவிட்டார்.

"ஓ, மாசாமாசம் வந்து எடுப்பாரே! நான் பெரிய பயணக்காரர் எண்டுதான் நெனச்சன் புள்ள. ஒரு நாளும் கேக்கல்ல. கேட்டாலும் அவர் செல்லுவாரா? நான் குடுக்கிற மிச்சக் காசையே வெளிச்சத்துல புடிச்சுப் பாக்குற மனுசன்!"

அவரிடம் ஒரு அட்டை வாங்கிக்கொண்டு, கிளினிக் நாளில் மாமாவை வெளியே வாங்குப் பலகையில் உட்கார வைத்துவிட்டு, உள்ளே போய் டொக்டர் நோனாவின் மேசையில் வைத்தேன். அவர் அதைக் கையில் எடுத்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எவ்வளவு காலம் என்று கேட்டார். வருடங்கள் என்றேன். சில பேருக்கு இந்தக் குளிசையைத் தொடர்ந்து எடுத்தால் இதே நடுக்கமும் இதே விறைப்பும் வரலாம் என்றார். இதுதான் காரணம் என்று இப்போதே அடித்துச் சொல்ல முடியாது, நடுக்க வியாதி தானாகவும் இருக்கலாம், விட்டுப் பார்த்தால்தான் தெரியும், குணம் தெரிய மாதக்கணக்கில் ஆகும், ஆஸ்பத்திரி மருந்தை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம் என்றார். "மேக்க நவத்தன்ன," என்று அட்டையைத் தட்டிக் காட்டினார். இதை நிறுத்துங்கள்.

சொல்வது லேசு! யார் நிறுத்துவது? அந்த வீட்டில் அவர் நம்புகிற ஒரே பொருளை, அவர் அதிகம் சந்தேகப்படுகிற ஆள் போய்ப் பிடுங்க வேண்டும்.

அந்தோனி வருகிற வரைக்கும் காத்திருந்தேன். வேண்டுமென்றேதான். அந்த ஞாயிறு பூசை முடிந்து வந்து, மகனும் அப்பாவும் வாசலில் இருக்கும்போது சொன்னேன். டொக்டர் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்று விடாமல். மாமாவின் முகம் அசையவில்லை. கைதான் இன்னும் வேகமாக ஆடியது.

"கேட்டியாடா? எனக்கு சொந்தமா ஒரு மருந்து இருந்திச்சு. அதயும் புடுங்கப் பாக்குறா. அது நின்னா நான் தல சுத்தி விழுவேன், விழுந்தா இவளுக்கு நிம்மதி."

அந்தோனி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன். "நெசமாவே டொக்டர் சொன்னாங்களா?" என்றார்.

நான் அவர் பக்கம் திரும்பாமலே மாமாவின் முன்னால் போய் நின்றேன்.

"வாளிய எறக்கி வைங்க மாமா," என்றேன்.

கீழே லயத்தில் மேரியக்கா துணி காயப் போடுவதை நிறுத்தினார்.

"என்னா சொன்ன?"

"எல்லார் வாளியிலயும் விட்டுப் பாத்தீங்க. என் சட்டியில விட்டுப் பாத்தீங்க, டீயில விட்டுப் பாத்தீங்க. ஒங்க பெட்டிய ஒரு நாளாவது எறக்கி வெச்சுப் பாத்தீங்களா? பஸ் ஓடாதப்ப சொகம்னு நீங்கதான் சொன்னீங்க. அப்ப பஸ் குளிசையும்தான் வரல. நான் பெட்டிய கேக்கல. அது ஒங்க பக்கத்துலயே இருக்கட்டும். ஸ்டோர்ல கோப்பைய வெச்ச மாதிரி பூட்டி வெச்சுப் பாப்போம்."

மாமா கழுத்துச் சாவியைப் பொத்திக்கொண்டார். பிறகு, "பூட்டி வெக்கிறேன். நான் தொறக்க மாட்டேன்," என்றார்.

"அது செல்லாது மாமா. சாவி யாருகிட்ட இருக்கணும்?"

அவர் மறுத்திருந்தால் அன்றைக்கே நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போயிருப்பேன், மனதில் துணியெல்லாம் கட்டி வைத்தாகிவிட்டது. மாமா கழுத்துக் கயிற்றைப் பிடித்தார். முடிச்சு அவிழ்க்க விரல் வளையவில்லை. அந்தோனி உதவிக்குப் போனார்.

"நீ தொடாத," என்று கையைத் தட்டிவிட்டார்.

கயிற்றைத் தலை வழியாகவே கழற்றி, சுருபமும் சாவியுமாக என் கையில் வைத்தார். "குத்தம் சொல்லப்பட்ட ஆளுகிட்டதான் சாவி," என்றார், எனக்குப் பாடம் சொல்கிற மாதிரி.

அது ரப்பர் மரங்கள் இலையை உதிர்க்கிற காலம். முதல் கிழமைகளில் அவருக்குத் தலைச்சுற்று வந்ததும் உண்மை, சுவரைப் பிடித்துக்கொண்டு என்னை முறைத்ததும் உண்மை. எனக்கும் பயம்தான். இது பொய்த்துவிட்டால் எனக்கு அந்த வீட்டில் சோறு இல்லை. ஒவ்வொரு நாளும் பிளேன்டீயை நானே முதலில் குடித்துவிட்டு நீட்டுவேன், நீட்டும்போது அவர் விரலைப் பார்ப்பேன். நான் பார்ப்பதை அவர் பார்ப்பார். இரண்டு பேரும் போலீஸ்காரர்கள் மாதிரி இருந்தோம். கிளினிக்குக்கும் ஒழுங்காகப் போனோம், அங்கே தந்ததை என் கண் முன்னால் விழுங்கினார். பிறகு டொக்டர் நோனாவே அதையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். மரங்கள் தளிர்த்து மலை முழுக்கச் செம்பாக மின்னியபோது மாமா சட்டைப் பொத்தானைத் தானே போட்டார். இலை பச்சையாகி முற்றியபோது நடுக்கம் தேடிப் பார்த்தால்தான் தெரியும் என்ற அளவுக்கு வந்துவிட்டது.

ஒரு வார்த்தை சொல்லவில்லை. நல்லதுமில்லை, கெட்டதுமில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. குணமாகிக் கிடக்கிறீர்கள், வாயைத் திறந்தால் என்ன?

திறந்தார். மாதக் கடைசி, அந்தோனி வந்திருந்தார். காலையில் வாசலில் மூன்று பேரும் இருந்தோம். நான் பிளேன்டீயைக் கொண்டுவந்து, பழக்க தோஷத்தில் என் வாய்க்குக் கொண்டுபோனேன்.

"குடு," என்று கை நீட்டினார். வாங்கினார். ஒரு சொட்டுச் சிந்தாமல் முழுக்கக் குடித்தார். கிளாசைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வாசல் ஓரத்துக்குப் போனார். கீழே லயத்தில் குழாயடியில் சனம் நின்றது.

"பால் சுத்தம்!" என்று கத்தினார்.

புது ஆட்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை, கிழவருக்கு என்ன வந்தது என்று பார்த்தார்கள். மேரியக்காவுக்கு விளங்கியது. குடத்தை வைத்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எனக்குக் கண் நிறைந்து ஒன்றுமே தெரியவில்லை. மாமா ஸ்டோர் வாசலில் கத்திய நாட்களில் அந்தப் பெண்கள் ஏன் அப்படி நடந்தார்கள் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

மாமா திரும்பி வந்து உட்கார்ந்தார். மகனைப் பார்த்தார். முகத்தில் கோபம் தெளிவாகத் தெரிந்தது. அதைப் பார்த்து எவ்வளவு காலம்!

"டீத்தூள பையில போட்டுக்கிட்டு டிஸ்பென்சரிக்கு போனியே, ஏன்டா?"

நான் அவரிடம் சொல்லவில்லை, மேரியக்காதான் சொல்லியிருக்க வேண்டும். அந்தோனிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீங்கதானேப்பா சொன்னீங்க…"

"நான் யாரயடா நம்புனேன்? ஒங்கம்மாவயே நம்புனதில்ல. சந்தேகப்படத்தான் தோட்டத்துல எனக்கு சம்பளம் குடுத்தாங்க, அது என் தொழிலு. ஒனக்கு யாருடா குடுத்தா?"

அந்தோனி குனிந்துகொண்டு கிளாசுகளைப் பொறுக்கினார். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய், நான் கேட்காமலே கழுவி வைத்தார்.

மாமா நெஞ்சுவலியில் போய் இப்போது வருடம் திரும்பிவிட்டது. மீட்டரைத் துணிப்பையோடு நான்தான் எடுத்து வைத்திருக்கிறேன். அந்தோனி நல்ல மனுசன், குடிக்க மாட்டார், பிள்ளைகள் மேல் உயிர். மாமா கேட்ட அந்தக் கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் சொல்லவில்லை.